தித்தி கெராவாங்கை ஏறித்தான் கடக்க வேண்டும்

பினாங்குத் தீவைச் சைக்கிளில் சுற்றுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஜார்ஜ் டவுனிலிருந்து வடக்கே கிளம்பி, தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி என்று கடலோரமாகவே போய், தெலுக் பஹாங்கில் மலை ஏறி, பாலிக் புலாவில் இறங்கி, தெற்கு வழியாக ஊர் திரும்புகிறவர்கள் பெரும்பான்மைக் கட்சி. விடிவதற்கு முன்பே தெற்கே புறப்பட்டு, பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார், பாலிக் புலாவ் என்று தீவை வலமாகச் சுற்றி, வடகரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறவர்கள் சிறுபான்மை. நான் சிறுபான்மை. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடும் அதே சாலைதானே, எந்தப் பக்கமாகப் போனால் என்ன என்று கேட்பவர்களிடம் எனக்கு ஒரே பதில்தான் உண்டு. தெலுக் பஹாங்குக்கும் பாலிக் புலாவுக்கும் நடுவே, அருவியோரமாகப் போகும் மலைச்சாலையான தித்தி கெராவாங்கை இறங்கிக் கடந்தவர் அதைப் பார்க்கவில்லை.

வடக்கிலிருந்து வருகிறவரின் ஏற்றம் முழுவதும் தெலுக் பஹாங் அணைக்கட்டுப் பக்கத்துச் சரிவிலேயே தீர்ந்துவிடுகிறது. பழத்தோட்டத்தைத் தாண்டி உச்சி வந்ததும் முதுகு நிமிர்கிறது, சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறுகிறது, அதன்பின் எல்லாம் வேகம்தான். அருவி வரும் இடத்தில் அவர் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறார். கண் அடுத்த வளைவில், விரல் பிரேக்கில், மனம் டயரில். வலப்பக்கம் ஏதோ பச்சையாகத் தெரிந்தது, இடப்பக்கம் கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவே. தெற்கிலிருந்து ஏறுகிறவர் அதே இடத்தை மணிக்கு 10, 12 கிலோமீட்டரில் கடக்கிறார். அருவிச் சத்தம் முதலில் சந்தேகமாக வருகிறது, பிறகு உறுதியாகிறது, பிறகு அது மட்டுமே கேட்கிறது. இந்த மூன்று நிலைகளுக்கும் இடையே போதுமான நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பது ஏற்றம்தான்.

வலமாகச் சுற்ற இன்னொரு காரணமும் உண்டு. அது கடிகாரம் சம்பந்தப்பட்டது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. அன்றிலிருந்து நாட்டின் மேற்கோரத்தில் இருக்கும் நமக்குச் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ, சைக்கிள்காரர்களுக்கு இது பெரிய கொடை. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத இருட்டு கையில் இருக்கிறது. குளுகோர், சுங்கை நிபோங், பாயான் லெப்பாஸ் என்ற நெரிசலான கீழ்க்கரையை அந்த இருட்டுக்குள் முடித்துவிடலாம். 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிவரும் பேருந்துகள் சாலையை நிறைப்பதற்கு முன்னால், விமான நிலையத்து விளக்குகளைத் தாண்டி, தெலுக் கும்பாரில் மீன் வாடை அடிக்கும்போதுதான் கிழக்கே வெளுக்கும். வடக்கே போகும் கட்சி இதே கீழ்க்கரைக்குப் பத்து மணி வெயிலில், களைத்த காலோடு, லோரிகளுக்கு நடுவே வந்து சேர்கிறது. தீவின் மிக மோசமான பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதன் நியாயம் எனக்கு இதுவரை புரிந்ததில்லை.

தெலுக் கும்பாருக்கும் கெந்திங் சந்திப்புக்கும் நடுவே ஒரு சின்ன மலை. சின்னது என்றாலும் சுள்ளென்று ஏறும். காலை எழுப்பிவிட அது போதும். அதன் மேலிருந்து திரும்பிப் பார்த்தால் தென்கடல் தெரியும். இப்போது அந்தக் கடலில் சிலிக்கான் தீவு என்ற செயற்கைத் தீவுக்காக மண் கொட்டுகிறார்கள். 2023இல் தொடங்கிய வேலை. நான் திரும்பிப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பாலிக் புலாவில் இறங்கும்போது மணி ஏழரையைத் தாண்டியிருக்கும். ஆனால் அங்கே இன்னும் விடியாதது போல இருக்கும். தீவின் முதுகெலும்பாக ஓடும் மலைத்தொடர் பாலிக் புலாவுக்குக் கிழக்கே நிற்கிறது. கிழக்குக் கரையைச் சுட ஆரம்பித்த வெயில் இங்கே வர மலையைத் தாண்டியாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நிழல் உபரியாகக் கிடைக்கிறது. சாலை ஈரமாகவே இருக்கும், நெல்வயலில் மூடுபனி முழங்கால் உயரத்துக்குப் படிந்திருக்கும். நேரே மலைக்குப் போகாமல் புலாவ் பெத்தோங், சுங்கை பூரோங் பக்கம் இறங்கி, வயல்களுக்கும் அலையாத்திக்கும் நடுவே ஓடும் ஒற்றையடி அகலச் சாலைகளில் ஒரு சுற்றுப் போய், சுங்கை பினாங்கு வழியாகப் பெரிய சாலைக்கு ஏறுவது என் வழக்கம். தீவிலேயே ஓசை குறைந்த தார்ச்சாலை இந்தச் சமவெளியில்தான். எதிரே வருவது பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் மோட்டார் சைக்கிளோ, சேவல் ஒன்றோ. காற்று கடலிலிருந்து வராது, மலையிலிருந்து இறங்கும். வயலின் மறுபக்கம் அந்த மலை முழு உயரத்துக்கும் எழுந்து நிற்கிறது. அங்கேதான் ஏறப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு அதன் அடிவாரத்தில் மெதுவாக மிதிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இந்த ஏற்றம் நமக்கு வாய்த்ததே ஒரு தடையால்தான். தீவின் வடமேற்கு மூலையில் கடலோரச் சாலை கிடையாது. பந்தாய் ஆச்சேயோடு தார் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காடு. முன்பு வனக் காப்பிடமாக இருந்து 2003இல் தேசியப் பூங்காவான அந்தக் காட்டைச் சுற்றிப் போக வழியில்லாததால், வட்டச்சாலை கடலை விட்டு உள்ளே திரும்பி, மலைமேல் ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. கரையோரமாகவே ஒரு சாலை போட்டிருந்தால் தீவைச் சுற்றுவது தட்டையான ஓட்டமாகிப் போயிருக்கும். முக்கா முனையில் ஒரு வரிசை ஹோட்டல்களும் எழும்பியிருக்கும்.

இனி அந்த ஏற்றம். சுங்கை பினாங்குச் சந்திப்பிலிருந்து உச்சிவரை. உயரம் என்று பார்த்தால் 300 மீட்டருக்குள் அடங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளை ஏறியவர்களும், வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளை எண்ணி ஏறியவர்களும் இதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் உச்சியில் நின்றுகொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான். உயரத்தால் அளக்கிறவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. ஆனால் கொல்லிமலையில் ஏறும்போது கீழே தெரிவது சமவெளி, வால்பாறையில் தெரிவது ஆழியாறு நீர்த்தேக்கம். நெல்வயலிலிருந்து மிதிக்கத் தொடங்கி, பழத்தோட்டத்துக்குள் புகுந்து, மழைக்காட்டு அருவியைத் தொட்டு, உச்சி தாண்டி, கடற்கரைக் கம்பத்தில் போய் இறங்குவதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடும் சாலை வேறெங்கே இருக்கிறது?

இந்தச் சாலையின் அமைப்பை யாரும் பேசுவதில்லை. அதைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன். மலையை வெட்டிப் பிளந்து போட்ட சாலை அல்ல இது. மலையின் மடிப்புகளுக்குப் பணிந்து, ஒவ்வொரு ஓடைக்குள்ளும் புகுந்து, ஒவ்வொரு மூக்கையும் சுற்றி வெளியே வந்து ஏறுகிறது. தெற்கிலிருந்து ஏறும்போது மலை நமக்கு வலப்பக்கம். ஆகவே மூக்கைச் சுற்றும் வளைவுகள் எல்லாம் வலப்பக்கம் திரும்பும், ஓடைக்குள் போகும் வளைவுகள் எல்லாம் இடப்பக்கம் திரும்பும். நாம் இடது ஓரம் ஓட்டுகிற நாடு. மூக்கு வளைவில் நாம் வெளிவட்டத்தில் இருக்கிறோம். தூரம் கூடும், ஏற்றம் தளரும், மூச்சு திரும்பும், மரங்களுக்கு நடுவே பாலிக் புலாவ் வயல்களும் கடலும் ஒரு கணம் திறக்கும். ஓடை வளைவில் நாம் உள்வட்டத்தில். தூரம் சுருங்கும், ஏற்றம் சட்டென்று செங்குத்தாகும், இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தாக வேண்டும். தண்ணீர்ச் சத்தமும் குளிரும் இருக்கும் இடமும் அதுவேதான். உடம்பு மிகச் சூடாகும் இடமும் காற்று மிகக் குளிர்ந்த இடமும் ஒன்றாக அமைந்துவிட்ட சாலை. எதிர்த் திசையில் இறங்குகிறவர் ஓடை வளைவை வெளிவட்டத்தில், வேகத்தில் கடக்கிறார். அவருக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடைப்பதில்லை.

அருவி வளைவு இந்த ஓடை வளைவுகளில் பெரியது. கருங்கல் பாறைமேல் வழிகிற தண்ணீர், அடியில் ஒரு குட்டை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய்கள், சாலையோரம் பழக் கடைகள். சுற்றுலாக்காரர்கள் பார்த்தால் இதற்கா வண்டியை நிறுத்தினோம் என்பார்கள். வறண்ட மாதங்களில் நூலாகத்தான் விழும். எனக்கு அருவியைவிட அதன் காற்று முக்கியம். இரவெல்லாம் குளிர்ந்த காற்று எடை கூடி ஓடைப் பள்ளத்தின் வழியே கீழே வழிந்துகொண்டிருக்கும். காலை எட்டு, எட்டரைவரை அது நிற்பதில்லை. சாலை அந்தப் பள்ளத்தைக் குறுக்கே கடக்கும் சில மீட்டர்களில் நாம் அந்தக் காற்றோட்டத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறோம். முதலில் முன்கையில் தெரியும், பிறகு கழுத்தில், பிறகு நனைந்த சட்டைக்குள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சரிவைச் சுட்டதும் காற்று திசை மாறிவிடும், இந்தக் குளிர் இருக்காது. அதனால்தான் நேரமும் முக்கியம், திசையும் முக்கியம் என்கிறேன். மலையின் நிழல் இந்தச் சரிவைக் காப்பாற்றி வைத்திருக்கும் நேரத்தில் ஏற வேண்டும். வடக்கே கிளம்பும் கட்சி பொழுதோடு வந்தால் குளிர் இருக்கும், ஆனால் இறக்கம். தாமதமாக வந்தால் இரண்டும் இல்லை.

வாசனையையும் சொல்ல வேண்டும். கீழே ஜாதிக்காயும் கிராம்பும். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த பயிர்கள். 1860 வாக்கில் நோய் வந்து ஜாதித் தோட்டங்கள் அழிந்தன என்று வரலாற்றில் படிக்கிறோம், ஆனால் பாலிக் புலாவ்ச் சரிவுகளில் மரம் இன்னும் நிற்கிறது, காய் இன்னும் சாலையில் விழுகிறது. மேலே போகப் போக டுரியான். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை இந்த மலையில் டுரியான் வாசனை மூச்சுக்கு மூச்சு மாறும்: தொலைவில் இனிப்பு, அருகில் வெங்காயம், கடையைத் தாண்டும்போது சாராயம். வாய் திறந்து மூச்சு விடுகிறவருக்கு இது வாசனை மட்டுமல்ல, சுவையும்தான். பருவத்தில் மரங்களுக்கு அடியில் வலை கட்டியிருப்பார்கள். பழம் வலையில் விழும் தொப்பென்ற ஓசை காட்டுக்குள்ளிருந்து கேட்கும். ஆங் ஹே ரகமா, ஹோர் லோர் ரகமா என்று விழும் ஓசையிலேயே சொல்லிவிடுவேன் என்பார் கடைக்காரர். நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், நான் நம்புகிறேன்.

இந்த ஏற்றத்தை எப்படி ஓட்ட வேண்டும் என்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டது ஒரு பெரியவரிடம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஃகுச் சட்டம் போட்ட சைக்கிள், கியர் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில், பெடலில் தோல் வார். நாங்கள் எல்லாம் புதிதாகக் கார்பன் வாங்கிய காலம். அவர் சைக்கிளின் எடை எங்களுடையதைவிட மூன்று நான்கு கிலோ கூடுதலாக இருந்திருக்கும். ஓடை வளைவுகளில் நாங்கள் எழுந்து நின்று, சைக்கிளை இடமும் வலமுமாக ஆட்டி, வெறியோடு மிதிப்போம். அவர் எழுவதில்லை. வளைவுக்கு இரண்டு சுற்று முன்னதாகவே கியரை இறக்கியிருப்பார். அந்த நெம்புகோலில் கிளிக் என்று படி விழாது; விரலால் தடவித்தான் சங்கிலி உட்கார்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் தடவுவது தெரியாது, சங்கிலி மாறும் ஓசை கேட்காது, மிதிக்கும் தாளம் மட்டும் மாறாமல் இருக்கும். உள்வட்டத்தின் செங்குத்தான ஓரத்தை விட்டு ஒரு முழம் வெளியே தள்ளி ஒரு கோடு பிடிப்பார். அந்த ஒரு முழத்தில் ஏற்றம் எவ்வளவு தளர்கிறது என்பது பின்னால் போனால்தான் புரியும். தோளும் முகமும் அசையாது. பின்னாலிருந்து பார்த்தால் இடுப்புக்கு மேல் அவர் எங்கேயோ உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

ஒருமுறை அருவி வளைவில் அவர் பக்கத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தேன். "தம்பி, மூச்ச இழுக்கப் பாக்காதீங்க. வெளிய விடுறதுதான் நம்ம வேல. உள்ள வர்றது தானா வரும்" என்றார். அடுத்த வளைவிலேயே செய்து பார்த்தேன். முழுவதுமாக ஊதி வெளியேற்றினால் நுரையீரல் தானாக நிரம்புகிறது. வயிறு வரைக்கும் இறங்குகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பயிற்சி நூல்களையும் எத்தனையோ பயிற்சியாளர்களையும் பார்த்தாயிற்று. இந்த மலைக்கு இதற்கு மேல் ஒரு பாடம் கிடைக்கவில்லை. அவர் மேடைகளில் ஏறியவர் அல்ல, பந்தயம் ஓடியதாகவும் சொன்னதில்லை. ஆனால் ஏற்றத்தில் அழகு என்று நான் ஒன்றைக் கண்டிருந்தால் அது அவருடைய அசையாத தோள்தான். தொலைக்காட்சியில் ஆல்ப்ஸ் மலை ஏறும் பெரிய பெயர்களை எல்லாம் அந்தத் தோளோடு ஒப்பிட்டுத்தான் இன்றும் பார்க்கிறேன்.

ஜாலான் துன் சார்டோன் கட்சிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். கெந்திங் சந்திப்பிலிருந்து பாயா தெருபோங் பக்கம் மலையைக் குறுக்காகத் தாண்டும் அந்தச் சாலைதான் தீவின் உண்மையான ஏற்றம் என்பது அவர்கள் வாதம். உயரம் அதிகம், சரிவு கடுமை, அஞ்சோங் இண்டாவிலிருந்து பாலிக் புலாவ் முழுவதும் விரிந்து கிடக்கும் காட்சி. எல்லாம் உண்மை. கால்வலிமைக்கு அதுதான் நல்ல பள்ளி, நானும் போகிறேன். ஆனால் அது ஊரையும் ஊரையும் இணைக்கப் போட்ட சாலை. அகலமாக, அவசரமாக ஏறுகிறது. காட்சியை ஓரிடத்தில் குவித்து வைத்திருக்கிறது. அங்கே போய் நின்றால் கிடைக்கும், அதுவரை மண் சுவரையும் லோரியின் புகையையும் பார்த்துக்கொண்டு ஏற வேண்டும். தித்தி கெராவாங் தன்னிடம் உள்ளதை வளைவுக்கு வளைவு பங்கு போட்டுத் தருகிறது. பரிமாறும் கை நிதானமாக இருந்தால் சாப்பாட்டின் ருசியே வேறு என்பது பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

நாட்டு அளவில் பேசினால் கெந்திங் ஹைலண்ட்ஸ்தான் எல்லோர் வாயிலும். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயம் அந்த மலையைப் புகழேற்றிவிட்டது. அங்கே யார் முந்துகிறாரோ அவரே பந்தயத்தை வெல்வார் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. இன்னொரு பக்கம் அசிசுல்ஹஸ்னி அவாங் ஓடுதளத்தில் வாங்கித் தந்த பெருமை: 2016 ரியோவில் வெண்கலம், 2017இல் கெய்ரின் உலகப் பட்டம், தோக்கியோவில் வெள்ளி. இரண்டையும் கொண்டாடியவன் நான். ஆனால் ஒன்று கடுமையை மட்டுமே, மற்றொன்று வேகத்தை மட்டுமே சைக்கிளின் அளவுகோலாக நம் பிள்ளைகள் மனத்தில் பதித்துவிட்டது. நடுவே இருக்கும் நிதானமான ஓட்டத்துக்கு, பார்த்துக்கொண்டும் முகர்ந்துகொண்டும் ஏறுவதற்கு, பரிந்து பேச ஆளில்லாமல் போயிற்று.

அதன் விளைவை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பார்க்கலாம். கைப்பிடியில் திரை, திரையில் எண். சுங்கை பினாங்குச் சந்திப்பிலிருந்து உச்சிவரை யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்ற பட்டியல் கைப்பேசியில் இருக்கிறது. ஏறுகிறவர்கள் அந்தப் பட்டியலோடு ஓடுகிறார்கள். இதைவிட என்னை வருத்துவது இறக்கத்துக்கும் அதே பட்டியல் இருப்பது. கண்ணாடி வைத்துத்தான் எதிரே வருவதைப் பார்க்க முடிகிற வளைவுகளில், ஜாதிக்காயும் ஈர இலையும் கிடக்கிற தாரில், நொடிக் கணக்குக்காகப் பாய்கிறார்கள். முன்பெல்லாம் குழுவாகப் போனால் முன்னே போகிறவர் சாலைக் குழியைக் கையால் காட்டுவார், அந்தச் சைகை ஒவ்வொரு கையாகப் பின்னால் கடந்து கடைசி ஆள்வரை வரும். பின்னே வரும் வண்டியைக் கடைசி ஆள் குரல் கொடுத்துச் சொல்வார். இப்போது கடைசி ஆள் காதில் பாட்டு. சிலர் சைக்கிளிலேயே ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அருவிச் சத்தத்துக்காக இவ்வளவு தூரம் மிதித்து வந்தவன் பக்கத்தில் அதை அலறவிடுகிறார்கள்.

பட்டறைகளின் கதையும் இதுதான். சக்கரம் நெளிந்தால் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டி, தளர்ந்ததை முறுக்கி, இறுகியதைத் தளர்த்தி நேராக்கும் கைகள் ஜார்ஜ் டவுன் சந்துகளில் நிறைய இருந்தன. மனிதரை முன்னால் உட்காரவைத்து ஓட்டுநர் பின்னாலிருந்து மிதிக்கும் பினாங்கு பேச்சா வண்டிகளுக்குச் சக்கரம் நேராக்கிப் பழகிய கைகள் அவை. இன்று சக்கரத்தைக் கொண்டுபோனால் புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சைக்கிள் என்றதும் ஊருக்கு வருகிறவர்கள் தேடிப் போவது ஆர்மீனியன் தெருச் சுவரை: 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த இரண்டு குழந்தைகளும், சுவரில் பதித்த பழைய சைக்கிளும். அருமையான ஓவியம், அந்தக் குழந்தையின் சிரிப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் படம் எடுக்க வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இப்படி ஒரு சாலை இருப்பது தெரியும்?

சாலையின் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தீவு கருங்கல்; ஆனால் மேலே படிந்திருப்பது மக்கிய கருங்கல் மண், பெருமழைக்குக் கரைந்து வழியும். 2017 நவம்பர் முதல் வாரத்தில் ஒரே இரவில் கொட்டிய மழைக்கு மலைச்சாலைகள் பலவற்றில் மண் சரிந்தது. சரிந்ததைக் கட்டத்தான் வேண்டும், கட்டினார்கள். ஆனால் அதன்பின் போட்ட ஒட்டுத் தார் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. ஓடை வளைவின் உள்வட்டத்தில், எழுந்து மிதிக்கும் அதே இடத்தில், பின்சக்கரம் துள்ளிப் பிடி விடுகிறது. 23 மில்லிமீட்டர் டயரில் ஏறிய காலம் போய் 28 போட்டுக்கொண்டு ஏறுகிறேன், காற்றையும் குறைத்துவிட்டேன். தாரைச் சமமாகப் போடுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வளைவை அகலப்படுத்த வேண்டாம், நேராக்க வேண்டாம், இருப்பதை இருக்கிற வளைவோடு ஒழுங்காக மூடினால் போதும்.

உச்சி தாண்டியதும் கடையில் ஜாதிக்காய் நீர் கிடைக்கும். புளிப்பும் துவர்ப்பும் கலந்து, நாக்கில் கொஞ்சம் கூசும். முன்பு காயைச் சீவி அங்கேயே பிழிந்து கொடுப்பார்கள்; இப்போது பெரும்பாலும் புட்டியிலிருந்து ஊற்றுகிறார்கள், சர்க்கரை தூக்கலாக இருக்கிறது. சீவித் தருகிற ஒட்டுக்கடை ஒன்றிரண்டு இன்னும் இருக்கிறது, தேடி நிறுத்துங்கள். பாலிக் புலாவ் சந்தையில் லக்சா சாப்பிட்டுவிட்டு ஏறுவதை நான் ஆதரிப்பதில்லை. நல்ல லக்சாதான். ஆனால் புளிக் குழம்பையும் மீனையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடை வளைவில் எழுந்து மிதித்துப் பாருங்கள். பசியாறுவது உச்சிக்கு அப்பால்தான்.

இறக்கம் வடக்கே. அணைக்கட்டுத் தண்ணீர் வலப்பக்கம் பளீரென்று தெரிந்து மறையும், தெலுக் பஹாங் வட்டத்தில் சாலை கடலைச் சந்திக்கும். இங்கிருந்து வலச்சுற்றுக்காரர்களுக்கு இன்னொரு வெகுமதி காத்திருக்கிறது. கடல் நம் இடக்கைப் பக்கம், நமக்கும் அதற்கும் நடுவே எதிர்ச்சாலை கிடையாது. பத்து பெரிங்கிவரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பாறை முனைக்கும் ஒரு குட்டி ஏற்றம், ஒரு குட்டி இறக்கம். தித்தி கெராவாங்கில் சம்பாதித்த தாளத்தை அப்படியே செலவழித்துக்கொண்டு போகலாம். யானை படுத்தாற்போல் கிடக்கும் கருங்கல் பாறைகளின் மேல் அலை ஏறி வழிவதை, இருக்கையிலிருந்தபடியே எட்டிப் பார்க்க முடியும். முகத்தில் வெயில் அடிக்கிறதே என்பார்கள் மறு கட்சியார். அடிக்கிறது. ஒன்பதரை மணிக்குச் சூரியன் ஏறியிருக்கும். தொப்பியின் முனை போதும்.

தஞ்சோங் பூங்கா தாண்டியதும் ரசிக்க ஒன்றுமில்லை. கடலை நிரப்பி எழுப்பிய கோபுரங்கள், அவற்றிலிருந்து வெளியேறும் கார்கள், ஓரத்தில் நிறுத்திய கார்கள். முன்பு குர்னியில் அலை சுவரில் மோதித் தெறித்த இடத்தில் இன்று மண். அந்தக் கடைசிக் கிலோமீட்டர்களை ஓட்டத்தில் நான் சேர்ப்பதில்லை. பட்டர்வொர்த் நண்பர்கள் மட்டும் பாவம், பெரிபோட்டுக்காகத் துறைமுகம்வரை அதைத் தாங்கியாக வேண்டும். பாலத்தில் சைக்கிளை விடுவதில்லை என்பதால் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

மறு கட்சியில் எனக்கு நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள். பழக்கத்தை மாற்றுங்கள் என்று கேட்டு அலுத்துவிட்டது. வடக்கேதான் கிளம்புவோம் என்றால் கிளம்புங்கள். உச்சி தாண்டி இறங்கி, சுங்கை பினாங்குச் சந்திப்பு வந்ததும் நேரே பாலிக் புலாவுக்கு ஓடிவிடாமல், சைக்கிளைத் திருப்பி, அருவி வளைவுவரை ஒருமுறை ஏறிவிட்டு வாருங்கள். ஒன்பது மணிக்கு முன்பாக, சின்னப் பல்சக்கரத்தில், மூச்சை வெளியே விட்டுக்கொண்டு. கூடுதலாக அரை மணி ஆகும், லக்சாக் கடை அதற்குள் மூடிவிடாது.